துவக்கின் கைப்பிடிப் பக்கம்: திருமலைத் துறைமுகமும் மூன்று கேள்விகளும்

பப்ஜி விளையாடின ஆக்களுக்கு இது தெரியும். தரையில் இறங்கின கையோடு முதலில் அம்பிடுறது அநேகமாக ஒரு கைத்துப்பாக்கிதான். பி1911, பி92, பி18சி, ஆர்1895 எண்டு பெயர்கள் வரும். இவை வெறும் கற்பனைப் பெயர்கள் இல்லை. பி1911 அமெரிக்காவின் கொல்ட், பி92 இத்தாலியின் பெரெட்டா, பி18சி ஒஸ்ரியாவின் குளொக், ஆர்1895 ரஷ்யப் படைகள் பாவித்த நகாந்த். இதில் எது திறம் எண்டு ரியூசன் வாசலில் நின்று வாக்குவாதப்பட்ட தலைமுறை நாங்கள்.

கைத்துப்பாக்கி கடையில் விற்கப்படுகிற நாடுகளில் வாங்க வருகிறவர் கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான். கைக்குப் பொருந்துமா? கனகாலம் உழைக்குமா? பார்க்க எப்படி இருக்கு? இலங்கையில் இந்தக் கேள்விகளைக் கேட்கும் இடத்தில் சாதாரண சனம் இருந்ததில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தத் துவக்கையும் வைத்திருக்க முடியாது.

ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்டுத் தெரிவு செய்தவர்களின் கப்பல்கள் எங்கட துறைமுகத்தில் நூற்றி அறுபது வருசத்துக்கு மேல் வந்து போயின. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தார்கள். 1957இல்தான் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் றோயல் நேவி என்னென்ன கைத்துப்பாக்கிகளைத் தெரிந்தெடுத்தது, ஏன் தெரிந்தெடுத்தது எண்டு பார்த்தால், எங்கள் ஊரின் கதையில் ஒரு பக்கம் தெரியவரும்.

ஒரு வெடி, பிறகு ஒரு பொல்லு

பிரித்தானியர் வந்த காலத்தில் கப்பல்களில் இருந்தது தீக்கல் கைத்துப்பாக்கி. குழல் மட்டுமே ஏறக்குறைய 12 அங்குலம். ஒரு தரம் சுடலாம், அவ்வளவுதான். எதிரிக் கப்பலுக்குள் பாய்ந்து ஏறும் நேரத்தில் நின்று மருந்து கெட்டிக்க முடியுமா?

அதனால் மூன்று கேள்விகளுக்கும் கடலுக்கு ஏற்ற விடை கண்டார்கள். பொருத்தம் எண்டால் கைக்கு முதல் இடுப்பு. துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு உருக்குக் கொளுக்கி இருக்கும், அதை இடுப்புப் பட்டியில் மாட்டினால் ஏணியில் ஏற இரண்டு கையும் சும்மா கிடக்கும். உழைப்பு எண்டால் உப்புக்காற்று. கடலோர வீட்டில் இரும்புக் கதவுப் பிணைச்சலுக்கு என்ன நடக்கும் எண்டு எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பூண்களைப் பித்தளையில் செய்தார்கள். கைப்பிடியின் அடியில் கனமான பித்தளை மூடி ஒன்றும் இருந்தது. சுட்டு முடிந்ததும் திருப்பிப் பிடித்தால் அதுவே பொல்லு. அழகைப் பற்றி மாலுமிக்காக யாரும் கவலைப்படவில்லை. வேலைப்பாடு செய்த துப்பாக்கி வேண்டுமெண்டால் அதிகாரி தன் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளலாம்.

கொல்டா, அடம்ஸா?

‘எது திறம்’ என்ற வாக்குவாதம் ஊர்ப்பேச்சாக மாறியது 1851இல். லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கொல்ட்டின் ரிவோல்வரும் ஆங்கிலேயரான றொபேட் அடம்ஸின் ரிவோல்வரும் காட்சிக்கு வந்தன.

கொல்ட்டின் ‘நேவி’ ஆறு வெடி. ஒவ்வொரு தரமும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும். மெதுவான வேலை, ஆனால் குறி நிதானமாக இருக்கும். அடம்ஸினுடையது ஐந்து வெடி. விசையை இழுக்க, சுத்தியல் தானே எழும்பி விழும். கிட்ட நிற்கும் ஆளை அவசரத்தில் சுட அது வசதி. உழைப்பைப் பார்த்தால் அடம்ஸின் சட்டகம் ஒரே துண்டு இரும்பு, மேல்பக்கமும் மூடியது. கொல்ட்டுக்கு மேல்பக்கம் திறந்தது. ஆனால் கொல்ட்டிடம் வேறொரு பலம் இருந்தது. உதிரிப்பாகங்களை இயந்திரத்தில் செய்ததால் ஒன்றின் பாகம் மற்றதுக்குப் பெரும்பாலும் பொருந்தும். அடம்ஸினுடையது கைவேலை. அழகிலும் கொல்ட் விடவில்லை. சுழலும் உருளையைச் சுற்றி, 1843இல் டெக்சஸ் கடற்படை மெக்சிக்கோவோடு மோதிய கடற்சண்டையைச் சித்திரமாகப் பதித்திருந்தார்.

கொல்ட் 1853இல் லண்டனிலேயே ஒரு தொழிற்சாலை திறந்தார். கிரைமியப் போர் தொடங்கியபோது, 1854இல், றோயல் நேவிக்கு ஆயிரக்கணக்கில் கொல்ட் வாங்கப்பட்டது. ஆனால் அந்தப் போரில் பங்குபற்றிய பியூமொண்ட் என்ற பொறியியல் படை அதிகாரி, இரண்டு முறையிலும் சுடக்கூடியதாக அடம்ஸைத் திருத்தி வடிவமைத்தார். 1856க்குப் பிறகு பிரித்தானியத் தரைப்படை அந்தப் பக்கம் சாய்ந்தது. கொல்ட்டின் லண்டன் தொழிற்சாலையும் அதே காலத்தில் மூடப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கோ. தூரக் குறியா, கிட்டத்து வேகமா என்ற போட்டியில் கடைசியில் வென்றது கிட்டத்து வேகம். கைத்துப்பாக்கி என்ன வேலைக்கு வேண்டியிருந்தது என்பதை அந்தத் தெரிவே சொல்லிவிடுகிறது.

வெப்லியின் காலம்

1887இல் பேர்மிங்ஹாமின் வெப்லி ரிவோல்வர் அரச சேவைக்கு எடுக்கப்பட்டது. முதல் ஒப்பந்தம் 10,000 துப்பாக்கிகளுக்கு. நடுவில் மடித்துத் திறந்தால் வெற்றுக் கோதுகள் ஆறும் ஒன்றாக வெளியே வரும். அடுத்த முப்பது வருசத்தில் அதைப் பல தடவை திருத்தினார்கள். முதலில் கைப்பிடி பறவைத் தலைபோல் வளைந்து சிறிதாக இருந்தது. 1915இல் வந்த ஆறாவது வடிவத்தில் அது சதுர அடியுள்ள பெரிய பிடியாக மாறியது. குழல் ஆறு அங்குலம், நிறை ஏறத்தாழ 1.1 கிலோ. சேற்றிலும் மணலிலும் வேலை செய்யும் எண்டு பெயர் எடுத்தது.

கடற்படை இதற்கிடையில் வேறு வழியில் போய்ப் பார்த்தது. 1912இல் அதே வெப்லி கம்பெனியின் தானியங்கிப் பிஸ்டலை றோயல் நேவி ஏற்றுக்கொண்டது. பிரித்தானியப் படைகள் அதிகாரபூர்வமாக எடுத்த முதல் தானியங்கிக் கைத்துப்பாக்கி அதுதான். காகிதத்தில் பார்த்தால் நவீனம். கையில் எடுத்தால் கதை வேறு. கைப்பிடி குழலுக்குக் கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக நிற்கும், அதனால் மணிக்கட்டை வலிந்து மடக்கித்தான் குறிபார்க்க வேண்டும். பாகங்கள் மிக நெருக்கமாகச் செதுக்கப்பட்டதால் தூசி, அழுக்குப் புகுந்தால் இறுகிவிடும். பொருத்தம், உழைப்பு இரண்டிலும் தோல்வி. பழைய ரிவோல்வர் தன் இடத்தில் இருந்தது.

பெரிய கைக்கு இல்லை, எந்தக் கைக்கும்

முதலாம் உலகப் போரில் படிப்பினை ஒன்று கிடைத்தது. வெப்லியின் பாரத்தையும் உதையையும் சமாளிக்க நீண்ட பயிற்சி வேண்டும். அவசரமாகத் திரட்டப்பட்ட படைக்கு அதுக்கு நேரமில்லை. அதனால் .455 அளவை விட்டு .38க்கு இறங்கினார்கள். வெப்லி கம்பெனி அதற்கொரு மாதிரியைக் கொடுக்க, அரசு அதை வாங்காமல், அதைப் போலவே ஒன்றைத் தன் என்பீல்ட் ஆயுதசாலையில் செய்து எடுத்தது. வெப்லி 2,250 பவுண் கேட்டு வழக்காடியது. கடைசியில் 1,250 பவுண் கிடைத்தது.

என்பீல்டின் நிறை முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். தாங்கிப் படையினர் தங்கள் குறுகிய வாசல்களில் சுத்தியலின் கொம்பு மாட்டுகிறது எண்டு முறையிட, 1938இல் அந்தக் கொம்பை வெட்டிவிட்டார்கள். போர் மூண்டதும் என்பீல்ட் போதவில்லை. வெப்லியிடமே திரும்பவும் போனார்கள், அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசனிடமிருந்தும் ஐந்து லட்சத்துக்கும் மேல் எடுத்தார்கள். சமாதான காலத்தில் பளபளவென்ற கருநீல மெருகோடு வந்த சிமித் அன்ட் வெசன், 1942இல் மங்கிய சாம்பல் பூச்சோடும் கோடு வெட்டாத மொட்டை மரப் பிடியோடும் வந்தது. அழகுக்கு நேரம் இல்லை.

எங்கட ஊருக்கும் அதே 1942தான். ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அன்றைக்கு ஏதாவது எதிர்த்து நின்றதெண்டால் விமானங்களும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும்தான். ஒஸ்ரன்பேர்க் மேட்டில் பொருத்தியிருந்த பெரிய கரையோரப் பீரங்கிகளே ஆகாயத்தைப் பார்க்காதவை. அதிகாரிகளின் இடுப்பில் கிடந்த ரிவோல்வர்களைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்.

அப்ப எதற்கு இவ்வளவு கவனம்?

இந்த இடத்தில்தான் எனக்குக் கேள்வி வந்தது. போரின் முடிவைத் தீர்மானிக்காத ஒரு ஆயுதத்துக்கு நூறு வருசமாகக் குழுக்கள், சோதனைகள், வழக்குகள் ஏன்? பிடியின் வளைவுக்கும் மெருகின் நிறத்துக்கும் ஏன் இவ்வளவு மினக்கெட்டார்கள்?

என் விளக்கம் இது. கைத்துப்பாக்கி சுடுவதற்கு மேலாக அணிவதற்காக இருந்தது. சாதாரண சிப்பாய்க்கு ரைபிள், அதிகாரிக்கு ரிவோல்வர். கப்பலில் மாலுமியின் ஆயுதம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், அதிகாரியினுடையது அவரோடு போகும். தோல் உறை, தோளிலிருந்து இறங்கும் கயிறு, மினுங்கும் பட்டி எல்லாம் சேர்ந்து ‘இவர் கட்டளையிடுகிறவர்’ எண்டு தூரத்திலேயே சொல்லும். அந்தச் செய்தி எதிரிக்கானது இல்லை. பக்கத்தில் நிற்கிற தன் ஆளுக்கும், துறைமுகத்தில் வேலைக்கு வந்த கூலிக்கும், தெருவில் போகிற சனத்துக்குமானது. கிட்டத்து வேகம் வென்றதன் பொருளும் இதுதான். இந்த ஆயுதம் கிட்ட நிற்கும் மனுசரை மனதில் வைத்தே வளர்ந்தது.

எங்கள் பேச்சுமொழியிலும் இது பதிவாகியிருக்கிறது. துப்பாக்கி, துவக்கு இரண்டுமே துருக்கி, பாரசீக வழியாக வந்த சொற்கள். சிங்களத்தில் துவக்குவ. அதில் ‘துவக்கு’ எங்கட மண்ணில் நல்லா ஊறிவிட்டது. தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயல் செய்கிறவர்களுக்குப் பன்றியும் யானையும் வந்தால் துவக்கு ஞாபகம் வரும். கட்டுத்துவக்கு எண்டு தனிச்சொல்லே இருக்கிறது. கைத்துப்பாக்கியை ஊரில் யாரும் அப்படி வாயாரச் சொல்வதில்லை. பிஸ்டல், அல்லது ரிவோல்வர். காரணம் லேசு. அதை வைத்துப் பன்றி கலைக்க ஏலாது. மனுசரைத் தவிர வேறெதற்கும் அது செய்யப்படவில்லை.

மற்ற முனை

பொருத்தம், உழைப்பு, அழகு மூன்றையும் திரும்பப் பாருங்கோ. மூன்றும் கைப்பிடிப் பக்கம் நிற்கிறவரின் கேள்விகள். 2013இல் பிரித்தானியா பிரவுணிங் பிஸ்டலை விட்டுவிட்டு 25,000க்கும் மேற்பட்ட குளொக் 17 வாங்க முடிவெடுத்தபோதும் பாரம், நம்பகம், தோட்டாக்களின் எண்ணிக்கை என்பவைதான் பேசப்பட்டன. ஆயுத வரலாற்றுப் புத்தகங்களும் நூதனசாலைச் சீட்டுகளும் அந்தப் பக்கத்திலிருந்தே எழுதப்படுகின்றன. செய்தவர், ஆண்டு, குழல் அளவு, பிடியின் மரம். குழலின் மற்றப் பக்கத்துக்கு அந்தச் சீட்டில் இடம் இல்லை.

திருமலைக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகில், ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்பதே முதலில் சொல்லப்பட்ட கதை. ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை எண்டு 2019 யூலையில் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்தக் கடற்கரையில் பாவித்தது எந்த வகைத் துவக்கு என்பது என் பேச்சு இல்லை. ஒரு துவக்கைப் பற்றிய உண்மை அதன் கைப்பிடியில் இல்லாமல், அது துளைத்த இடத்தில் இருந்தது. அதைப் படமெடுத்த ஒருவரால்தான் நாங்கள் அறிந்தோம். கைப்பிடிப் பக்கத்து வரலாறு மட்டும் எஞ்சியிருந்தால் இன்றைக்கும் அது கைக்குண்டுக் கதைதான்.

இதைச் சொல்லி யாரையும் பப்ஜி விளையாட வேண்டாம் எண்டு சொல்ல வரவில்லை. கொல்ட், அடம்ஸ் கதையைத் தேடி வாசித்தபோது எனக்கும் சுவாரசியமாகத்தான் இருந்தது. ஒரு பொருளை இவ்வளவு நுணுக்கமாகச் செய்த மூளைகளை வியக்காமல் இருக்க ஏலாது. ஆனால் வரலாறு படிக்கிற நாங்கள் அந்த மூன்று கேள்விகளோடு நிற்க முடியாது. இதை யார் தெரிந்தெடுத்தார், யாருக்கு முன்னால் நிற்க அதை இடுப்பில் கட்டினார், முன்னால் நின்றவர் அதைப் பற்றி என்ன சொன்னார் எண்டும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில்கள் ஆயுதசாலைக் கோப்புகளில் கிடைக்காது. எங்கட வீடுகளில், எங்கட தெருக்களில் கிடைக்கும். சொல்லக்கூடிய ஆக்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிவைப்பம்.