இடம் மாறிய பூசல்: ‘ஹெட்ஸ் ஆஃப் ஸ்டேட்’ படத்தில் கூட்டணி அரசியல்

இல்யா நைஷுல்லர் இயக்கி, 2025 ஜூலை 2 அன்று பிரைம் வீடியோவில் வெளிவந்த ‘ஹெட்ஸ் ஆஃப் ஸ்டேட்’, ஒத்துப்போகாத இரு தலைவர்களை ஒன்றாக ஓடவிடும் அதிரடி நகைச்சுவைப் படம். ஜான் சீனா நடிக்கும் அமெரிக்க அதிபர் வில் டெரிங்கர், முன்னாள் திரைநாயகர், பதவிக்குப் புதியவர். இட்ரிஸ் எல்பா நடிக்கும் பிரிட்டன் பிரதமர் சாம் கிளார்க், படையில் பணியாற்றியவர். மக்கள் ஆதரவை இழந்து நிற்பவர். இருவரும் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்படுகிறது. பெலாரஸில் தரையிறங்கும் அவர்கள், வார்சா வழியாக, நேட்டோ மாநாடு கூடும் திரியெஸ்தே நகரைச் சேர்வதே கதை. கூட்டணி நாடுகளிடையே உண்மையாகவே நிலவும் ஓர் அவநம்பிக்கையைக் கதைக்குள் கொண்டுவரும் இந்தப் படம், அதை இரு ஆண்களின் குணபேதமாக மாற்றித் தீர்த்துவைக்கிறது. அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் அவர்களுடைய சண்டையின் பொருளைப் பார்க்கலாம். டெரிங்கர் அரசியலை விளம்பரமாக நடத்துகிறார் என்பது கிளார்க்கின் ஆத்திரம். தன் தேர்தல் எதிராளியோடு டெரிங்கர் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டார் என்பது கிளார்க்கின் மனக்குறை. கிளார்க் எதற்கும் மலராத சிடுமூஞ்சி என்பது டெரிங்கரின் எண்ணம். கொள்கை, வணிகம், படைச்செலவு எதிலும் அவர்கள் மோதுவதில்லை. 1956-இல் சூயஸ் விவகாரத்தில் ஐசன்ஹோவர் அரசு பவுண்டு நாணயத்தின் மீது தந்த நெருக்கடியால் பிரிட்டன் பின்வாங்க நேர்ந்தது. வாஷிங்டனும் லண்டனும் மோதினால் அது நலன்களின் மோதலாக இருக்கும் என்பதற்கு அது சான்று. படத்தில் அந்த வகை மோதலுக்கு இடமே இல்லை.

ஆனால் வில்லன் விக்டர் கிராடோவின் திட்டத்தில் வேறொரு மோதல் இருக்கிறது. நேட்டோ நடவடிக்கை ஒன்றில் மகனை இழந்த ஆயுத வியாபாரி அவர். எஷலான் என்ற ஒட்டுக்கேட்பு அமைப்பைக் கைப்பற்றி, உறுப்பு நாடுகளின் இரகசியங்களைக் கசியவிட்டுக் கூட்டணியை உடைக்க முயல்கிறார். இந்தப் பெயர் கற்பனையன்று. அமெரிக்காவும் பிரிட்டனும் 1946 மார்ச்சில் செய்துகொண்ட உளவுப் பகிர்வு உடன்பாட்டின் வழியில் வளர்ந்த வலைப்பின்னல் அது; கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவையும் அதில் பங்காளிகள். ஐரோப்பிய நாடாளுமன்றம் இதற்கென ஒரு தற்காலிகக் குழுவை அமைத்து விசாரித்தது. அத்தகைய அமைப்பு இருப்பதில் இனி ஐயமில்லை என்று 2001-இல் அது முடிவுக்கு வந்தபோது, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினர். 2013-இல் ஜெர்மன் தலைவர் மெர்கலின் கைபேசியை அமெரிக்கா ஒட்டுக்கேட்டதாக வந்த செய்தி அந்தப் பழைய புண்ணைக் கீறியது.

ஆக, எஷலான் வரலாற்றில் பிளவுக்கோடு வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் நடுவே ஓடவில்லை. ஒரு பக்கம் சேர்ந்து ஒட்டுக்கேட்ட அந்த இரு நாடுகள். மறுபக்கம் ஒட்டுக்கேட்கப்பட்ட தோழமை நாடுகள். படமோ இந்தக் கோட்டை அழித்து, ஒட்டுக்கேட்ட இருவருக்கு நடுவே புதிதாக ஒன்றை வரைகிறது. உளவில் இணைபிரியாத இரு அரசுகளின் தலைவர்கள் கூட்டணியின் அவநம்பிக்கைக்கே உருவகமாகிறார்கள். அவர்கள் நண்பர்களாகிவிட்டால் கூட்டணியும் சீரானதாகக் கணக்கு. நேட்டோவில் உள்ள 32 நாடுகளில் எஞ்சிய முப்பதும் திரியெஸ்தே மண்டபத்தில் காத்திருக்கின்றன. தங்களை யார் ஒட்டுக்கேட்டார்கள், ஏன் ஒட்டுக்கேட்டார்கள் என்று அவை தொடுக்க வேண்டிய கேள்விக்கு விடை கிடைப்பதேயில்லை. இதை நான் இப்படத்தின் ஆழமான குறையாகக் கருதுகிறேன்.

சிரிக்கவைக்க வந்த படத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்கப்படலாம். எதிர்பார்க்கலாம், ஏனெனில் இதே வகைமை முன்பு இதைச் செய்திருக்கிறது. பீட்டர் சீகல் இயக்கிய ‘மை ஃபெல்லோ அமெரிக்கன்ஸ்’ (1996) படத்தில் ஜாக் லெமனும் ஜேம்ஸ் கார்னரும் எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த முன்னாள் அதிபர்கள். பாதுகாப்பு வளையம் இழந்து நாட்டுக்குள் அலையும்போது, வீடிழந்து காரிலேயே வாழும் ஒரு குடும்பம் அவர்களை ஏற்றிக்கொள்கிறது. தாங்கள் கையெழுத்திட்ட கொள்கைகள் ஒரு குடும்பத்தை என்ன செய்தன என்பதை அந்த வண்டியில் உட்கார்ந்துதான் அவர்கள் அறிகிறார்கள். தலைவரின் அதிகார அலங்காரங்களைக் களைவது இவ்வகைப் படங்களின் அடிப்படை உத்தி. களைந்தபின் அவரை யாருக்கு எதிரே நிறுத்துவது என்பதில்தான் படத்தின் அரசியல் இருக்கிறது. சீகல் குடிமக்களுக்கு எதிரே நிறுத்தினார். நைஷுல்லர் இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரே மட்டும் நிறுத்துகிறார். பெலாரஸும் போலந்தும் கடந்துபோகும் நிலப்பரப்புகளாகிவிடுகின்றன.

இரு படங்களும் ஒன்றுபடும் இடமும் உண்டு. இரண்டிலும் துரோகி துணை அதிபர். 1996-இல் அசடு போல நடித்த டெட் மேத்யூஸ். 2025-இல் கார்லா குகினோ ஏற்ற எலிசபெத் கர்க். நேட்டோவால் அமெரிக்காவுக்குப் பயனில்லை என்ற கருத்து இன்று அந்நாட்டு அரசியலில் வெளிப்படையாகப் பேசப்படுவது. அதற்கு வாக்காளர்களும் இருக்கிறார்கள். கர்க் அதே கருத்தைக் கொண்டவர். படம் அவரைக் கிராடோவின் கூட்டாளியாக்கியதும் அந்தக் கருத்து சதியாகச் சுருங்கிவிடுகிறது. டெரிங்கர் அதற்கு வாதத்தால் பதில் சொல்லியிருக்க வேண்டும். கர்க்கைக் கைது செய்தாலே போதும் என்று கதை அமைந்துவிட்டது.