வெய்யில் எழுதிய எழுத்து

கொட்டாஞ்சேனையின் வாழ்வு துறைமுகத்தோடு பிணைந்தது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 1885இல் அது நிறைவெய்தியது. அதன் பின்னர், அதுவரை காலியை நாடிய கப்பல்கள் கொழும்பை நாடலாயின. கரையில் மூட்டை சுமந்த தொழிலாளரும் கப்பல் தளத்தில் கயிறிழுத்த ஐரோப்பிய மாலுமிகளும், நிலநடுக் கோட்டுக்கு வடக்கே ஏழு பாகை அளவில் காயும் ஒரே வெய்யிலில் உழைத்தனர். வெய்யில் ஒன்றே, ஆயினும் இரு சாராரின் தோலிலும் அது ஒரே வகையாக வேலை செய்யவில்லை. அந்த வேறுபாடு எதனால் வந்தது? விடை காண ஒரு நூற்றாண்டு போதவில்லை.

முதற் சான்று மாலுமிகளின் முகத்திலேயே இருந்தது. ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுக நகரில் வாழ்ந்த தோல் மருத்துவர் பவுல் உன்னா, நெடுங்காலம் கடலோடியோரின் முகமும் புறங்கையும் தடித்து, நிறந்திரிந்து, ஈற்றிற் புற்றுநோய்க்கு இடமாவதை 1894இல் எழுதிவைத்தார். அந்நிலைக்கு அவர் இட்ட பெயர் ‘மாலுமித் தோல்’ என்பதாகும். சில ஆண்டுகளின் பின் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் டுப்ரோய், திராட்சைத் தோட்டத் தொழிலாளரிடம் அதே நோயைக் கண்டார். தொழில் வேறு, நாடு வேறு. பொதுவாக நின்றது வெய்யில் ஒன்றே.

வெய்யிலில் எந்தப் பகுதி குற்றவாளி என்ற வினா அடுத்து எழுந்தது. கண்ணுக்குப் புலனாகாத ஊதாக் கடந்த கதிரை ரிற்றர் என்னும் ஜேர்மன் அறிஞர் 1801இலேயே கண்டறிந்திருந்தார். 1928இல் இலண்டனில் ஃபின்ட்லே என்பவர் சுண்டெலிகள்மீது அக்கதிரை நாள்தோறும் பாய்ச்சி, அவற்றின் தோலிற் புற்று உண்டாவதைக் காட்டினார். ஐயம் நீங்கியது. ஆனால், கதிர் பட்டு நெடுங்காலம் கழிந்த பின்னர் நோய் தோன்றுவது எவ்வாறு? தோல் அந்த வெய்யிலை எங்கே நினைவில் வைத்திருந்தது?

அந்த நினைவு கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ.யில் இருந்தது. நான்கு இரசாயன எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட சுவடி போன்றது அது. 1960இல் ஒல்லாந்த அறிஞர் பொய்க்கர்ஸும் பேரன்ட்ஸும், ஊதாக் கடந்த கதிர் பட்டால் தைமின் என்னும் எழுத்துகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டனர். ஒட்டிய பகுதியைக் கலம் வெட்டியெறிந்து புதிதாக நிரப்புவது வழமை. அது தவறினால், சுவடியைப் படியெடுக்கும்போது பிழை நேரும், அப்பிழையே விகாரம். ஒரு முறை பதிந்த விகாரம், அக்கலத்தின் வழித்தோன்றல்கள் அனைத்துக்கும் செல்லும்.

இத்திருத்தப் பணியின் அருமையை ஒரு துயரமான நோய் உணர்த்திற்று. சில குழந்தைகளின் தோல் சிறு வெய்யிலையும் தாங்காது, இளமையிலேயே பல புற்றுகளைக் கொள்ளும். வியன்னாவின் கப்போசி 1870களில் விவரித்த இந்நோயில், ஒட்டிய எழுத்துகளை வெட்டித் திருத்தும் ஆற்றலே குறைபட்டுள்ளது என்பதை 1968இல் அமெரிக்காவில் கிளீவர் நிறுவினார்.

கைரேகை போன்ற சான்று 1991இல் கிடைத்தது. பிளவுறும் கலங்களைக் கட்டுப்படுத்தும் பி53 என்னும் பரம்பரையலகை அமெரிக்காவின் பிராஷ் குழுவினர் 24 தோற்புற்றுகளில் ஆராய்ந்தனர். 14இல் அது விகாரமுற்றிருந்தது. அவற்றுள் மூன்றில், அடுத்தடுத்திருந்த இரு சைற்றோசின்கள் இரு தைமின்களாக மாறியிருந்தன. அவ்விரட்டை மாற்றம் ஊதாக் கடந்த கதிர் விட்டுச் செல்லும் தனி அடையாளம். 2009இன் இறுதியில், மெலனோமா என்னும் கருமைப் புற்றொன்றின் சுவடி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, 33,000க்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்கள் எண்ணப்பட்டன. பெரும்பாலானவை வெய்யிலின் கைவண்ணமே.

இனி, துறைமுகத்து வினாவுக்குத் திரும்புவோம். கருந்தோலின் மெலனின், கலக்கருவின்மேல் குடைபோற் கவிந்து கதிரைத் தடுக்கிறது. அக்குடை மெல்லியதாக உள்ள வெண்ணிறத்தார் கொழும்பு வழியாகக் கப்பலேறிச் சென்று குடியேறிய அவுஸ்திரேலியா, உலகில் தோற்புற்று மிகுந்த நாடுகளுள் ஒன்றானது வியப்பன்று. எனினும், குடையிருப்பதால் மழையே இல்லை என எண்ணுதல் தகாது. கருந்தோலிலும் கதிர் டி.என்.ஏ.யைத் தாக்குகிறது, சேதம் குறைவு, இல்லாமலில்லை. பிறவியிலேயே மெலனின் அற்ற வெண்தோலினர் நம் நாடுகளிலும் உளர். அவர்களுக்கு நண்பகல் வெய்யில் பெரும் பகை. அவர்களுக்கு நீண்ட கைச்சட்டையும் அகன்ற தொப்பியும் மருந்துக்கு நிகரானவை.

இன்னொன்றும் அறியத்தக்கது. கருநிறத்தாரிடம் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் தோன்றும். அதற்கு வெய்யில் முதற்காரணமன்று. தமக்கு இந்நோய் வராது என்னும் நம்பிக்கையாற் காலந்தாழ்த்தி மருத்துவரிடம் சென்று உயிரிழப்போர் பலர். காலில் ஆறாத புண்ணோ வளரும் கரும்புள்ளியோ காணின், முள் குத்தியதென்று விட்டுவிடாது உடனே காட்டுதல் வேண்டும். இந்நோய் தோலின் நிறம் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. தொடக்கத்திற் கண்டால் மட்டுமே அகற்றுவது எளிது.