தகரம் இல்லாத தகரம்

கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவிலோ திகனவிலோ ஹார்ட்வெயார் கடையில் கூரைக்கு நெளித்த தகடு வாங்கத் தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே சொல் போதும். தமிழர் ‘தகரம்’ என்பார். சிங்களவர் ‘தகரங்’ என்பார், கொஞ்சம் விரித்துச் சொன்னால் ‘தகரங் தஹடு’. இலங்கையர் பேசும் ஆங்கிலத்திலும் அதே சொல்தான் புழங்குகிறது. மூன்று மொழியாரும் அந்தப் பெயரால் கேட்டு வாங்கிப்போகும் பொருளிலோ தகரம் என்ற உலோகமே கிடையாது. உள்ளே இரும்பு, மேலே துத்தநாகப் பூச்சு, அவ்வளவுதான். இல்லாத உலோகத்தின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது?

சொல் பழையது. மலையாளத்திலும் தகரம்தான், கன்னடத்தில் தகர, தவர, தெலுங்கில் தகரமு. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றையெல்லாம் ஒரே குடும்பமாக வைத்திருக்கிறது. பொருள் வெள்ளீயம். குறிஞ்சிப்பாட்டில் வரும் தகரம் வேறு. அது கூந்தலில் பூசும் மணச்சாந்து. அதற்கும் நம் கூரைக்கும் எழுத்து ஒற்றுமை தவிர வேறு உறவில்லை.

இன்றைக்குத் தங்கத்துக்கு எதிர்ப்பதம் தேடுகிறவர்கள் தகரம் என்கிறார்கள். ஓடாத காரைத் தகர டப்பா என்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் தகரம் கப்பலேறி வந்த சரக்கு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு, முசிறித் துறையில் வந்து இறங்கிய பொருள்களில் செம்பையும் ஈயத்தையும் போலவே வெள்ளீயத்தையும் குறிக்கிறது. பிற்காலத்தில் மலாய்த் தீபகற்பம் பெரிய ஊற்றாயிற்று. பாத்திரத்துக்குக் ‘கலாய் பூசுதல்’ என்கிறோமே, அந்தக் கலாய் அரபுச் சொல் வழியாக வந்தது. மலாய்த் தீபகற்பத்தில் இருந்த ‘கலா’ என்னும் பழைய துறைமுகத்தின் பெயரே அதன் மூலம் என்பது பலர் கருத்து.

அரிதான உலோகம் ஆதலால் அதை வார்த்துப் பாத்திரம் செய்வது எல்லாருக்கும் கட்டுப்படியாகவில்லை. பூசுவது பலருக்கு முடிந்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். அதைத் தடுக்க உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். தெருவோரத்தில் குழி பறித்துத் துருத்தி ஊதிப் பாத்திரத்தைச் சூடேற்றுவார் பூசுகிறவர். நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெள்ளைப் புகை எழும், உலோகம் சுத்தமாகும். வெள்ளீயக் குச்சியை ஒரு தொடு தொட்டு, பஞ்சால் விறுவிறுவென்று சுற்றித் தேய்ப்பார். மஞ்சள் மறைந்து உள்பக்கம் முழுக்க வெள்ளியாகும். ஒரு பெரிய அண்டாவுக்கு ஒரு துண்டு வெள்ளீயம் போதும். தகரம் என்பது மேல்தோல் என்ற எண்ணம் அன்றாட வாழ்க்கையில் ஊன்றியது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு ஐரோப்பாவிலிருந்து வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு வந்தது. மண்ணெண்ணெய் டின்னும் கடைகளில் கண்ணாடி வைத்து அடுக்கியிருந்த பிஸ்கட் டின்னும் அந்தத் தகட்டில் செய்தவை. இந்தக் கட்டத்தில் பெயர் தோலிலிருந்து உடலுக்குத் தாவியது. தகடு முழுவதும் தகரம் ஆயிற்று. காலியான டின்னைப் பிரித்துத் தட்டி நிமிர்த்தினால் வேலிக்கும் ஆகும், ஒழுகும் கூரைக்கும் ஆகும். அப்போது அதை வேறென்ன சொல்வது?

நெளித்த தகட்டின் கதை லண்டனில் தொடங்குகிறது. அங்கே துறைமுகப் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829-இல் இரும்புத் தகட்டை அலையலையாக மடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மடிப்பு விழுந்தால் மெல்லிய தகடும் வளையாமல் நிற்கும். ஆனால் துருப்பிடித்தது. 1837-இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சோரெல் உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்கு உரிமை பெற்ற பிறகுதான் அது உலகம் சுற்றப் புறப்பட்டது. நம்மிடம் வந்தபோது, பூச்சிட்ட இரும்புத் தகட்டுக்கு ஏற்கெனவே இருந்த பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு வேடிக்கை. உண்மைத் தகரம் பூசிய டின்னில் கீறல் விழுந்தால், கீறிய இடத்தில் இரும்பு முன்னைவிட வேகமாகத் துருவேறும். வெள்ளீயம் தன்னைக் காத்துக்கொண்டு இரும்பைக் காட்டிக்கொடுக்கும். துத்தநாகம் அதற்கு நேர்மாறு. கீறல் விழுந்தாலும் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். கூரையில் நெடுநாள் உழைத்தது பெயருக்கு மட்டுமே தகரமாக இருந்த தகரம்தான்.

சிங்களம் இந்த உலோகக் குடும்பத்தையே தமிழிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. காரீயம் அங்கே ‘ஈயம்’, துத்தநாகம் ‘துத்தநாகம்’, தகடு ‘தஹடு’. தகட்டின் ககரம் ஹகரமாகத் தேய்ந்திருக்க, தகரத்தின் ககரம் தேயாமல் நிற்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே வாய்வழியாகப் போயிருக்க முடியாது என்பது என் ஊகம், தகடு முந்தியிருக்கலாம்.

கண்டியில் கூரை என்பது எப்போதும் அந்தஸ்துச் சமாச்சாரம். மன்னராட்சியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ராபர்ட் நொக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில், குடிமக்கள் வீட்டுக்கு ஓடு போடவோ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ அனுமதி இல்லை என்று எழுதுகிறார். ஓடு மேலிடத்துக்கு, வைக்கோலும் புல்லும் மற்றவர்களுக்கு. ஆங்கிலேயர் வந்து கோப்பித் தோட்டம் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களுக்கும் மானாப் புல்தான் வேய்ந்தார்கள். 1867-இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். 1869-இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலை முழுதும் பரவியது. ரயிலில் ஏற்றவும் தலைச்சுமையாக மலையேற்றவும் நெளித்த தகடு தோதாக இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று படுத்துக்கொள்ளும், உடையாது.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் தகரம் வந்தது இப்படித்தான். ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் காம்பராக்கள் என்னும் அறைகள், முன்னால் இஸ்தோப்பு என்னும் தாழ்வாரம். பகலில் கொதிக்கும், இரவில் உள்பக்கம் பனித்துச் சொட்டும். பெரிய மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றிவைப்பார்கள். அதே தகடு தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்தார் சொல்லும் ஸ்டோரில், மரியாதையாக நிற்கும். கொழுந்து வாட்டும் மேல்தளங்களின் சுவரெல்லாம் அதுதான். கந்தப்பொலவின் ஹெதர்செட் ஸ்டோர் 1996-இல் ஆடம்பர ஹோட்டலானபோது அந்தச் சுவரை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். லயத்தில் அது வறுமை, ஹோட்டலில் அது அழகு.

பல்லேகலவின் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் போடும் தகடுகளின் தோலும் மாறிவருகிறது. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு இப்போது பெருவழக்கு. அலுமினியம் 55 வீதம். நிறம் தீட்டியும் கிடைக்கும். ‘ரூஃபிங் ஷீட்’ என்று கேட்கிறார்கள். அதுவே பழசாகி ஓர் ஏழையின் கொட்டிலுக்குப் போனால் பெயர் மறுபடி தகரம்.

இடையில் அஸ்பெஸ்டஸ் ஷீட் புகுந்தது. சூடு குறைவு, சத்தம் குறைவு, விலையும் தோது, நுரையீரலுக்குத்தான் கேடு. 2018 தொடக்கத்திலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லித் தேயிலை வாங்குவதை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்பதும் ரஷ்யாதான். சில நாள்களில் கொழும்பு தன் முடிவைத் தள்ளிவைத்தது, தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிக்கிறவர் தலைக்கு மேல் எந்தக் கூரை என்பதைக் கொழுந்தின் விற்பனையே தீர்மானித்தது.

நுரையீரலுக்குக் கேடு என்றேன்; ஆகவே பழைய அஸ்பெஸ்டஸைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு சொல்: தகரத்தைப் பிரிப்பதுபோல் அதை அடித்துப் பிரிக்காதீர்கள், வாளால் அறுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, உடையாமல் முழுசாக இறக்குங்கள்; பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.