பெருஞ்சாலையும் ஒரு மனுவும்

மலர்க்குழுவினர் ஊர் வரலாறு கேட்டனர். பெருங்களத்தூரில் வளர்ந்த எனக்கோ சாலையின் வரலாறே முதலில் நினைவுக்கு வருகின்றது. எங்கள் திண்ணையை ஒட்டிச் சென்றது ஜி.எஸ்.டி. சாலை. (2017க்குப் பின் இப்பெயரைச் சொன்னால் என் மாணவியர் வரியையே நினைக்கின்றனர்!)

நான் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது சாலையை அகலப்படுத்த அளவெடுத்தனர். திண்ணையும் கிணறும் புளியமரமும் போகும் என்றனர். அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்படி வந்த அறிவிப்பில் 'பொது நோக்கத்திற்காக' என்றொரு தொடர் இருந்தது. அப்பா அதனை உரக்கப் படித்தார். "அந்தப் பொதுவுல நாம இல்லையாடா?" என்றார் பாட்டி. அப்பா விடை கூறவில்லை. ஆட்சேப மனு எழுத அமர்ந்தார். அதனைப் படியெடுத்தவள் நான். தமிழ் உரைநடையில் நான் பெற்ற முதற்பயிற்சி அதுவே எனலாம். மனு பயன் தரவில்லை. அகன்ற அச்சாலையில் ஓடிய பேருந்தில்தான் நான் கல்லூரிக்கும் பின்னர் முனைவர் பட்ட ஆய்வுக்கும் சென்றேன் என்பதை மறைத்தல் முறையன்று.

வீட்டை இழப்பவர் மனுவாவது எழுதுவர். ஏரிக்காக எழுதுவார் அரியர். பல்லாவரம் பெரிய ஏரியை இரு கூறாக்கிச் செல்கின்றது துரைப்பாக்கம் செல்லும் இருநூறடிச் சாலை. அதே சாலை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையும் ஊடறுக்கின்றது.

2018இல் வண்டலூர் அருகே தொடங்கிச் சேலம் வரை 277 கி.மீ. எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டபோது நிலைமை வேறாயிற்று. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் உழவர்கள் தம் வயலுக்காக மட்டும் வாதிடவில்லை. ஏரி, காடு, மலை யாவற்றையும் வழக்கினுள் கொணர்ந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 8.4.2019 அன்று நிலமெடுப்பு அறிவிப்புகளை நீக்கியது. உச்ச நீதிமன்றமோ 8.12.2020 அன்று, நிலமெடுப்பு அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெறத் தேவையில்லை எனக் கூறி, அவ்வறிவிப்புகள் செல்லும் என்றது. தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஓர் ஏரியின் பெயர் நீதிமன்றம் வரை சென்றதைச் சிறு செய்தியாகக் கருத என்னால் இயலாது.

அச்செய்தி நாளேட்டில் வந்த காலையில் அப்பாவின் மனுப்படியைத் தேடி எடுத்தேன். நீலமை வெளிறியிருந்தது. திண்ணை ஒன்று, கிணறு ஒன்று, காய்க்கும் புளியமரம் ஒன்று என என் சிறுவயதுக் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. நாங்கள் நாள்தோறும் பார்த்த, அச்சாலையோரத்திலேயே கிடந்த பீர்க்கன்கரணை ஏரி அதில் இல்லை.