கைப்பிடியில் ஒரு கொடிக்கயிறு

பத்துப் பதினஞ்சு வருஷம் பழைய ஷிமானோ ரோடு பைக் ஒன்றை நேர் எதிரே நின்று பாருங்க. இரண்டு பிரேக் லிவர்களின் உள்பக்கத்திலிருந்தும் ஆளுக்கு ஒரு கேபிள் கிளம்பி, வெட்டவெளியில் பெரிய வில்லாக வளைந்து ஃபிரேமில் போய்ச் சேரும். இங்கிலாந்து சைக்கிள்காரர்கள் இதைத் துணி காயப்போடும் கொடி என்று கிண்டல் செய்வார்கள். செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு வண்டி வாங்குபவர்களுக்கு முதலில் வரும் ஆசை, "இதை எப்படியாவது டேப்புக்குள்ள தள்ளி மறைச்சிடணும்" என்பதுதான்.

சுருக்கமான பதில்: மறைக்க முடியாது. அந்தக் கேபிள் அங்கே தொங்குவதற்கு ஒரு காரணம் இருக்கு. அதைப் புரிந்துகொள்ள 1896-க்குப் போகணும்.

அந்த வருஷம் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் பிரிட்டனில் ஒரு காப்புரிமை வாங்கினார். சுருள்கம்பியால் ஆன ஒரு குழாய், அதற்குள் நகரும் ஒரு கம்பி, அவ்வளவுதான். குழாய் அமுங்காது, ஆனால் வளையும். அதனால் இழுக்கும் விசையை எந்த மூலைக்கும் வளைத்துக் கொண்டுபோகலாம். ராலே கம்பெனியின் ஃபிராங்க் பௌடன்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அவர் வேறு ஆள். ராலே 1900-ல் இதற்கு உரிமம் வாங்கியது, பெயரும் ஒன்றாக இருந்தது, குழப்பம் அப்படியே நிலைத்துவிட்டது.

பௌடன் கேபிள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நம்ம தாத்தா காலத்து ஹெர்குலிஸ் சைக்கிளை நினைச்சுக்கோங்க. ஹேண்டில்பாருக்கு அடியில் விறைப்பான இரும்புக் கம்பிகள், மூட்டுக்கு மூட்டு இணைப்பு. கம்பி பிரேக் எளிதில் கெடாது. ஆனால் அது வளையாது, எடையும் அதிகம்.

கியர் கேபிளின் கதை இன்னும் தாமதமாகத் தொடங்குகிறது. டூர் தி ஃபிரான்ஸ் பந்தயத்தை உருவாக்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு, செயினைப் பல்சக்கரம் மாற்றும் டெரெயிலர் பிடிக்கவே பிடிக்காது. அவர் விலகிய பிறகு 1937-ல்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த வருஷமே ரோஜே லாபெபி டெரெயிலர் வைத்த வண்டியில் ஜெயித்தார். 1940-களில் வந்த கம்பனோலோவின் காம்பியோ கோர்ஸாவில் கேபிளே கிடையாது. ஓட்டிக்கொண்டே கையைப் பின்சக்கரம் வரை நீட்டி, ஒரு லிவரால் சக்கரத்தைத் தளர்த்தி, இன்னொன்றால் செயினை நகர்த்தி, பெடலைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும்!

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கியர் லிவர் ஃபிரேமின் கீழ்க்குழாயிலேயே இருந்தது. லிவரிலிருந்து கம்பி வெறுமனே குழாயை ஒட்டி நேராக ஓடும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன வளைவு. வளைவு குறைந்தால் உராய்வும் குறைவு. 1984-ல் ஷிமானோ டியூரா ஏஸில் ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து ஜெயித்ததற்கு இந்த நேர்வழியும் உதவியது.

1980-களில் பிரேக் கேபிள்கள் டேப்புக்குள் போய்விட்டன. அதில் பெரிய சிக்கல் வரவில்லை. ஏனென்றால் பிரேக்கை முழுக் கையும் பிடித்து இழுக்கிறது, அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே ஆனாலும் தெரியாது. கியர் அப்படி இல்லை. ஷிமானோ 8 ஸ்பீடில் ஒரு கிளிக்குக்குக் கம்பி நகர்வது சுமார் 2.8 மி.மீ. அதில் அரை மில்லிமீட்டர் உராய்வில் தொலைந்தால் செயின் இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் நின்று கடகடக்கும்.

இப்போ 1990. ஷிமானோ எஸ்டிஐ வந்தது. பிரேக் லிவரையே பக்கவாட்டில் தள்ளினால் கியர் மாறும். கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஆனால் கியரைச் சுற்றும் இயந்திரம் பிரேக் லிவரின் தலைப்பகுதியில், அதாவது முன்னால் இருந்தது. அங்கிருந்து கேபிளைப் பின்னோக்கி டேப்புக்குள் திருப்பினால் கடுமையான வளைவு வரும். அதனால் பக்கவாட்டில் வெளியே விட்டார்கள். கொடிக்கயிறு பிறந்தது அப்படித்தான்.

இரண்டு வருஷம் கழித்து, 1992-ல், கம்பனோலோவின் எர்கோபவர் வந்தது. அதில் இயந்திரம் லிவரின் உடற்பகுதிக்குள், பின்னால் இருந்தது. பிரேக் லிவர் பிரேக்குக்கு மட்டும். கேபிள் நேராக ஹேண்டில்பாரை ஒட்டிப் போனது. பார்க்க அழகு. ஆக, கேபிள் வெளியே தெரிவதும் தெரியாததும் இயந்திரம் எங்கே உட்கார்ந்திருக்கு என்பதைப் பொறுத்தது.

கொஞ்சம் கணக்கு. தூணில் கயிறு சுற்றும்போது வரும் உராய்வுக்கு ஆய்லர் கொடுத்த சூத்திரம் இங்கேயும் பொருந்தும். உராய்வு கூடுவது மொத்த வளைவுக் கோணத்தைப் பொறுத்து, அதுவும் அடுக்கேற்றமாக. உராய்வுக் கெழு 0.1 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 90 டிகிரி வளைவுக்கு இழுவிசை சுமார் 17% கூடுதலாக வேண்டும். 180 டிகிரிக்கு 37%. 270 டிகிரிக்கு 60%. ஒவ்வொரு வளைவும் முந்தையதன் மேல் வட்டிக்கு வட்டி போடுகிறது.

இந்த வட்டியை ஷிமானோவே கட்ட வேண்டி வந்தது. 2008-ல் அறிமுகமான டியூரா ஏஸ் 7900-ல் கியர் கேபிளையும் டேப்புக்குள் கொண்டுபோனார்கள். தோற்றம் சுத்தம். ஆனால் முந்தைய மாடலின் வெண்ணெய் மாதிரி கிளிக் போச்சே என்று ஓட்டியவர்கள் புலம்பினார்கள். அடுத்த தலைமுறையான 9000-ல் கம்பிக்குப் பாலிமர் பூச்சு கொடுத்துத்தான் அந்த மென்மையை மீட்டார்கள். மறைந்த கேபிள் மெல்லக் கீழ்த்தட்டுக்கும் இறங்கியது: 105-க்கு 2010-ல், கிளாரிஸுக்கு 2017-ல்.

2009-ல் விற்பனைக்கு வந்த டிஐ2, இழுக்கும் கம்பியை மின்கம்பியாக மாற்றியது. மின்சாரத்துக்கு வளைவு ஒரு பொருட்டில்லை. 2015-ல் ஸ்ராம் ஈடேப் அந்தக் கம்பியையும் எடுத்துவிட்டது. இன்னொரு பக்கம், பிரேக் ஹோஸ்களை ஹேண்டில்பாருக்குள்ளும் ஹெட்செட்டுக்குள்ளும் விட்டு எல்லாவற்றையும் மறைக்கும் வண்டிகள் வந்தன. சின்ன பேரிங் ஒன்று தேய்ந்தால்கூட, பல மாடல்களில் பிரேக் ஹோஸைக் கழற்றி, மறுபடி ஆயில் நிரப்பிக் காற்றெடுக்க வேண்டும். மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது பழகிய வலிதான். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களை அழகுக்காகக் கட்டிப்போட்டால், ஒன்றைத் தொடும்போது மற்றதும் அவிழும்.

சரி, கொடிக்கயிறு வண்டி வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? வளைவைக் குறைங்க, அழகு தானாக வரும்.

வலது லிவரின் கேபிளை ஃபிரேமின் இடது நிறுத்தத்துக்கும், இடதை வலதுக்கும் கொண்டுபோகலாம். முன்னால் குறுக்கே போகும் கேபிள்களின் வில் மென்மையாகும், ஃபிரேமில் உரசுவதும் குறையும். உள்ளே ஓடும் கம்பிகள் கீழ்க்குழாய்க்கு அடியில் மறுபடி ஒன்றையொன்று கடந்து தங்கள் பக்கம் போய்விடும். கேபிள் வெளியே தெரியும் ஃபிரேமில் மட்டும் இது சுலபம்.

வெளிக்குழாயை வெட்டும் முன் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்க. எந்தப் பக்கமும் இழுக்கக் கூடாது, அதுக்கு மேல் நீளமும் வேண்டாம். வெட்டிய முனை தட்டையாக இருக்கணும், தொப்பி போடணும். கியருக்கு கியர் குழாய்தான். அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் நீளம் மாறாது, ஆனால் பிரேக்கின் விசையைத் தாங்காது. மாற்றிப் போட்டால் பிளந்து, பிரேக்கே போய்விடும். இரண்டு கேபிளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன கிளிப் போதும். இறுக்கிக் கட்டினால் நீங்களே புதுசா ஒரு வளைவைச் சேர்க்கிறீங்க.

இதற்குப் பிறகும் கேபிள் வெளியேதான் தெரியும். தெரியட்டும். கம்பி பிய்ந்துபோனால் டேப்பைப் பிரிக்காமலே புதுசு போட்டுவிடலாம்.