ஆச்சே மறுகுடியமர்வு: வீட்டுக்கு முன் நிலம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியா 68 உயிர்களை இழந்தது. மலாக்கா நீரிணையின் அக்கரையில், ஆச்சேயில், மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் 150,000 பேருக்கும் மேல். வீடிழந்து நின்றவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர்.

மறுசீரமைப்புக்கென இந்தோனேசிய அரசு 2005 ஏப்ரலில் பி.ஆர்.ஆர். என்ற தனி அமைப்பை நிறுவியது. குந்தோரோ மங்குசுப்ரோத்தோ அதன் தலைவர். 2009 ஏப்ரலில் அது கலைக்கப்பட்டபோது ஆச்சேயிலும் நியாஸ் தீவிலும் சுமார் 140,000 வீடுகள் எழுந்திருந்தன. 36 சதுர மீட்டர், அதாவது 390 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு, என்பதே பொது அளவு. எல்லாம் ஒரே தரமில்லை. தொண்டு நிறுவனங்கள் கட்டிய சில வீடுகளை இடித்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

ஆனால் பணமும் சிமெண்டும் வருமுன்பே எழுந்த கேள்வி வேறு: இது யார் நிலம்? எல்லைக் கற்களும் மரங்களும் போய்விட்டன. பல இடங்களில் நிலமே கடலுக்குள் போயிருந்தது. நிலப் பதிவேடுகள் சேற்றில் ஊறிக் கிடந்தன. பலரிடம் முன்பும் பட்டா இருந்ததில்லை.

கிராமத்தார் கூடி, அண்டை வீட்டார் முன்னிலையில் எல்லையைக் காட்டி, வரைபடத்தில் கையெழுத்திட்டார்கள். அதை வைத்தே நில அலுவலகம் அளந்து பட்டா கொடுத்தது. உலக வங்கி நிர்வகித்த நிதியில் நடந்த இத்திட்டத்தில் 200,000க்கும் அதிகமான பட்டாக்கள் வழங்கப்பட்டன. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் வாரிசுரிமையையும் பாதுகாவலர் யார் என்பதையும் ஷரியா நீதிமன்றம் தீர்மானித்தது. அது நடக்காதிருந்தால் அந்த நிலம் உறவினர் கைக்கு எளிதில் போயிருக்கும்.

வாடகைக்குக் குடியிருந்தோர் நிலைதான் மோசம். நிலம் உள்ளவருக்கே வீடு என்பது தொடக்க விதி. அவர்கள் தற்காலிகக் கொட்டகைகளில் காத்துக்கிடந்தார்கள். தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை. முறையீடுகளுக்குப் பிறகே கொள்கை மாறியது.

பண்டா ஆச்சேக்கு வெளியே நியூஹென் மலையில் சீன நன்கொடையில் கட்டப்பட்ட 606 வீடுகளில் இப்படிப்பட்ட நிலமற்ற குடும்பங்கள் பல குடியேறின. அலை எட்டாத உயரம். காற்றும் நன்றாக வரும். ஆனால் நகரத்து வேலைக்கும் சந்தைக்கும் தினமும் இறங்கி வரவேண்டிய தூரம்.