கண்டங்களுக்கும் வேர் உண்டு

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கிய துளையிடும் பணி 1989இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியது. மனிதன் இட்ட துளைகளுள் இதுவே மிக ஆழமானது. ஆயினும், அது பூமியின் மேலோட்டைக்கூடக் கடக்கவில்லை. மேலோட்டுக்கும் கீழே உள்ள கவசப் பகுதியை நாம் அறிவது எங்ஙனம்? அங்கிருந்து எரிமலைகளே நமக்குச் சான்றுகளைக் கொண்டு வருகின்றன.

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் 1871இல் வைரம் கண்டெடுக்கப்பட்டது. மக்கள் திரண்டு வந்து தோண்டினர். மஞ்சள் மண் தீர்ந்து, நீல நிறமான கெட்டிப் பாறை தென்பட்டதும், வைரம் தீர்ந்தது எனப் பலர் எண்ணினர். ஆனால் அப்பாறைக்குள்ளும் வைரம் இருந்தது! அது சிதைந்து உண்டானதே மஞ்சள் மண். இந்த எரிமலைப் பாறைக்கு 1887இல் ஹென்றி கார்வில் லூயிஸ் என்ற அமெரிக்கப் புவியியலர் 'கிம்பர்லைட்டு' எனப் பெயரிட்டார்.

கிம்பர்லைட்டுக் குழம்பு 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து விரைந்து மேலேறுவது. காட்டாறு கற்களைப் புரட்டி வருவதுபோல, வழியிலுள்ள கவசப் பாறைகளைப் பெயர்த்துக்கொண்டு வரும். லெசோத்தோ நாட்டில் கிடைத்த இத்தகைய துண்டுகளைப் பற்றிய ஆய்வைப் பிரான்சிஸ் பாய்டு 1973இல் வெளியிட்டார். அவற்றிலுள்ள பைராக்சீன் கனிமங்களின் கால்சிய அளவு வெப்பநிலையைக் காட்டும். அலுமினிய அளவு அழுத்தத்தைக் காட்டும். அழுத்தம் தெரிந்தால் ஆழமும் தெரிந்துவிடும்.

அடுத்து, வயது. தென்னாப்பிரிக்க வைரங்களுக்குள் சிறைப்பட்டிருந்த கார்னெட் மணிகளின் வயதை ஸ்டீபன் ரிச்சர்ட்சன் குழுவினர் 1984இல் கணித்தனர். 300 கோடி ஆண்டுகளுக்கும் மேல்! கிம்பர்லி எரிமலைகள் வெடித்ததோ சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இடைப்பட்ட காலமெல்லாம் அவ்வைரங்கள் கவசத்திலேயே தங்கியிருந்தன. மிகையான வெப்பம் தாக்கியிருந்தால் அவை கிராபைட்டாக மாறியிருக்கும். ஆகவே, பழங்கண்டத்தின் அடியில் தடித்த, குளிர்ந்த 'வேர்' ஒன்று நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது என்பது தெளிவாயிற்று.

அந்த வேர் என்றும் அழியாததா? வடசீனம் வேறு விடை தந்தது. அங்கு சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த கிம்பர்லைட்டுகள் வைரங்களைக் கொண்டு வந்தன. அப்போது வேர் ஆழமாக இருந்தது. ஆனால், கடந்த சில கோடி ஆண்டுகளில் தோன்றிய எரிமலைகள் கொணர்ந்த துண்டுகள், ஆழம் குறைந்த, வெப்பம் மிகுந்த கவசத்தையே காட்டின. இடையில் சுமார் 100 கிலோமீட்டர் தடிப்புள்ள வேர் மறைந்துவிட்டது என 1990களில் அறிஞர்கள் உணர்ந்தனர். ஆசியாவின் அடியில் புகுந்த பசிபிக் கடற்றரை அதனை நலியச் செய்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

கண்டத்தின் வேரும் வளர்கிறது, நிலைக்கிறது, சில இடங்களில் தேய்ந்தும் போகிறது. அந்த நெடிய வரலாற்றைப் படிக்க நமக்குக் கிடைத்திருப்பவை, எரிமலை கக்கிய கைப்பிடிக் கற்களே.